நாரந்தனை வீதியில் முன்பாரமும் பின்பாரமும்

யாழ்ப்பாணக் கோட்டையைக் கடந்து பண்ணைத் தாம்போதியில் ஏறியவுடனேயே, தரையின் ஆட்சி முடிந்து கடலின் ஆட்சி தொடங்கிவிட்டது என்பதைப் பிரயாணி உணர்ந்துகொள்வான். இருமருங்கும் ஆழங்குறைந்த பரவைக்கடல். அதன் நடுவே மீன்பிடிக்க நட்ட தடிவரிசைகள். தடுப்பாரின்றி வீசும் உப்புக் காற்று. எம்மவர் சோழகம் என்றழைக்கும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், சைக்கிளில் இவ்வழியே தீவுப்பற்றுக்குச் செல்பவன் எதிர்க்காற்றோடு மல்லாடியே செல்லவேண்டும்.

தாம்போதி கடந்து மண்டைதீவுச் சந்தியைத் தாண்டினால் அல்லைப்பிட்டி வரும். அதன்பின் மணல் மேடுகளும் நன்னீர்க் கிணறுகளும் உடைய மண்கும்பான், பின்னர் வேலணை, சரவணை, அப்பால் நாரந்தனை, அதற்கும் அப்பால் கரம்பனும் ஊர்காவற்றுறையும். எல்லாமாகச் சேர்ந்து இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பிரயாணந்தான். ஆயினும் இச்சிறு தூரத்துள் நிலம் எத்தனை விதமாக மாறுகின்றது! போருக்குப் பின்னர் திருத்தியமைக்கப்பெற்ற பெருவீதி, மக்கள் வாக்கிலே சொல்வதானால் ‘காப்பெற் றோட்டு’, கண்ணாடிபோல் வழுவழுப்பானது. அதிலிருந்து ஓர் ஒழுங்கைக்குள் திரும்பினாலோ, சுண்ணக்கற்கள் தலைநீட்டும் கரடுமுரடான தரை. சாட்டிக் கடற்கரைப் பக்கம் இறங்கினால் சக்கரம் புதையும் மணல். மாரி காலத்தில் வயலோரப் பாதைகளில் பள்ளமெது மேடெது என்று தெரியாதபடி நீர் தேங்கிக் கிடக்கும்.

ஒரே வண்டியில், ஒரே நாளில், இத்தனை நிலங்களையும் கடப்பது எப்படி? தனியே செல்லும்போது ஒருவிதமாகவும், வயது முதிர்ந்த தாயாரைப் பின்னே ஏற்றிச் செல்லும்போது இன்னொரு விதமாகவும் அவ்வண்டி நடந்துகொள்வது ஏன்? நாரந்தனைக்குப் போகும் வழியில் எழுந்த இக்கேள்விகளைப் பற்றியதே இக்கட்டுரை. விடை தேடிச் சென்றால் அது எம்மை மாட்டுவண்டிற்காரரிடமும், பின்னர் கனடாவின் வெண்பனி நிலத்திற்கும் அழைத்துச் செல்வதைக் காண்போம்.

பாரமறிந்த ஊர்

ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்ட வேலணைத்தீவின் வடமேற்குப் பாகத்தில் அமைந்தது நாரந்தனை. பனைக்கூடல்களும், மாரிமழையை நம்பிய வயல்களும், இந்துக் கோயில்களும், கத்தோலிக்க தேவாலயங்களும் அடுத்தடுத்து விளங்கும் ஊர் இது. 1990இல் போர் தீவகத்தைச் சூழ்ந்தபோது இங்கிருந்தவர்களுட் பெரும்பாலோர் வீடுவாசல்களை விட்டு வெளியேறினர். அவர்களுட் பலர் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். கூரையிழந்த வீடுகளுக்கு அருகே புதிய மாடி வீடுகள் எழுந்திருப்பதைத் தெருவோரத்திலேயே காணலாம்.

பாரம் ஏற்றி இறக்குவதில் இப்பகுதியாருக்குள்ள அனுபவம் மிகப் பழையது. பக்கத்திலுள்ள ஊர்காவற்றுறையிலிருந்தே வன்னிக்காட்டு யானைகள் கப்பலேறின. ‘யானைகளின் துறை’ என்னும் பொருள்படப் போர்த்துக்கேயர் வழங்கிய பெயரிலிருந்தே ‘கயிட்ஸ்’ என்னும் ஆங்கில வழக்கு வந்தது என்பர். யானையைப் பாய்க்கப்பலில் ஏற்றுபவன் அதனை எங்கே நிறுத்துவது என்று அறிந்திருத்தல் வேண்டும். முன்னே நின்றால் கப்பலின் மூக்குத் தாழும்; பின்னே நின்றால் சுக்கான் ஆழப் புதையும். எவ்வளவு பாரம் என்பதோடு, எவ்விடத்திற் பாரம் என்பதும் கப்பலோட்டியின் கவலையாயிற்று.

கரையிலே இக்கவலையைச் சுமந்தவன் வண்டிற்காரன். மோட்டார் வாகனங்கள் பெருகுவதற்கு முன்னர் நெல்லும், வைக்கோலும், பனையோலையும், சுண்ணக்கல்லும், கலியாணத்துக்குச் செல்லும் குடும்பமும் மாட்டுவண்டிலிலேயே சென்றன. இரட்டைச் சக்கர வண்டில் ஒரு தராசு போன்றது. அச்சுத்தான் அதன் நாக்கு. ஒரு பக்கத்தில் நுகம், மறுபக்கத்தில் வண்டிலின் பின்பகுதி. சுமை அச்சுக்கு முன்னே கூடினால் அது முன்பாரம். அப்பொழுது நுகம் எருதுகளின் பிடரியை அழுத்தும், கழுத்திற் புண்ணுண்டாகும். சுமை பின்னே கூடினால் அது பின்பாரம். அப்பொழுது நுகம் மேலெழும். கழுத்துக் கயிறு எருதின் தொண்டையை இறுக்கும்.

ஆகவே, மூட்டைகளை ஏற்றி முடித்தபின் வண்டிற்காரன் நுகத்தைக் கையாலே தூக்கிப் பார்ப்பான். இலேசான முன்பாரம் கையிலே தெரியவேண்டும். அதிகமும் கூடாது, அறவே இல்லாமலிருக்கவுங் கூடாது. மேட்டில் ஏறும்போது பாரம் தானாகவே பின்னோக்கிச் சாயும். அந்நேரம் அவன் முன்னே நகர்ந்து அமர்வான். இறக்கத்தில் இறங்கும்போது பின்னே நகர்வான். “கொஞ்சம் முன்னுக்கு வாங்கோ, ஆச்சி, பின்பாரமாயிருக்குது” என்று உள்ளே இருப்பவரையும் நகரச் சொல்வான். யாழ்ப்பாணத்தாரின் பெருவிருப்புக்குரிய மாட்டுவண்டிற் சவாரியிலும், இலேசான அவ்வண்டிலின் மீது நிற்பவன் தன் உடலை எங்கே வைத்திருக்கின்றான் என்பது எருதுகளின் ஓட்டத்தைப் பாதிக்கும்.

மயிலிறகே யானாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்ததை எல்லோரும் அறிவர். அது பாரத்தின் அளவைப் பற்றிய எச்சரிக்கை. பாரத்தின் இடத்தைப் பற்றிய எச்சரிக்கையை எழுதாமலே கற்றுக்கொடுத்தவன் எங்கள் வண்டிற்காரன்.

வில்லும் காற்றும்

சாதாரண வண்டிலுக்கு வில் இல்லை. சக்கரம் கல்லில் ஏறினால் இருப்பவனும் ஏறுவான். கல்லிலிருந்து விழுந்தால் இருப்பவனும் விழுவான். வசதியுள்ளோர் இருந்து செல்வதற்கென அச்சுக்கும் பெட்டிக்கும் இடையே வளைந்த இரும்புத் தகடுகளைப் பொருத்திச் செய்தார்கள். அதற்கு வில்வண்டி என்றே தமிழில் பெயர் வழங்கிற்று. சக்கரம் தரையைத் தழுவி ஏறியிறங்க, மேலேயிருக்கும் உடல் அசைவின்றிச் செல்லவேண்டும் என்னும் எண்ணத்தை ஒரே சொல்லில் அடக்கிய அழகான பெயர் அது.

அதன்பின் வந்தது காற்றடைத்த ரயர். 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த ஜோன் பொய்ட் டன்லப் என்னும் மிருக வைத்தியர், தம் மகனின் முச்சக்கர சைக்கிள் கல்பாவிய தெருவில் குலுங்கியதைக் கண்டு, அதன் சக்கரங்களுக்குக் காற்றடைத்த றப்பர்க் குழாய் பூட்டினார். தந்தையொருவரின் பரிவிலே பிறந்த அப்பொருள்தான் பின்னர் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளெல்லாம் ஓடிய சைக்கிளின் உயிராயிற்று. 1990களில் எரிபொருளுக்குத் தடையிருந்த காலத்தில், நெல் மூட்டையும் விறகுக் கட்டும் நோயாளியுமாக எத்தனையோ பாரங்களைக் குடாநாட்டுச் சைக்கிள்களே சுமந்தன. மூட்டையேற்றும் நாளில் பின்சக்கரத்துக்குக் காற்றை இறுக்கியடிப்பதும், தனியே செல்லும் நாளில் சற்றுத் தளரவிடுவதும் அக்காலத்துச் சிறுவர்க்கும் தெரிந்த கலையாயிருந்தன.

இன்று நாரந்தனை வீதியில் ஓடுவன பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்களும், பெண்கள் விரும்பி ஓட்டும் ஸ்கூட்டர்களும், முச்சக்கரவண்டிகளுமே. வில்வண்டியின் தகட்டு வில் அவற்றில் சுருள்வில்லாக மாறியுள்ளது. அச்சுருளோடு எண்ணெய் நிரம்பிய குழாய் ஒன்றும் சேர்ந்ததே ‘சொக் அப்சோபர்’. சுருள்வில் பாரத்தைத் தாங்கும். எண்ணெயோ, அமுங்கிய வில் துள்ளியெழாதபடி அதன் வேகத்தை அடக்கும். இவ்விரண்டின் தொழிலும் வேறுவேறு என்பதை மனத்திற் கொள்ளுதல் நன்று.

தொடப்படாத ஐந்து படிகள்

எம்மூரில் ஓடும் மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவற்றின் பின்புறச் சுருள்வில்லின் அடியில் படிப்படியாக வெட்டப்பட்ட ஒரு வளையத்தைக் காணலாம். பலவற்றில் ஐந்து படிகள் இருக்கும். வண்டியோடு தரப்படும் வளைந்த ஸ்பனரால் அதைத் திருப்பினால் வில் சற்று முன்கூட்டியே அமுக்கப்படும். தனியே செல்லும் மெலிந்த உடலினருக்குத் தாழ்ந்த படி. இருவர் செல்வதற்கும் சுமைக்கும் உயர்ந்த படி. செய்கை இவ்வளவுதான். ஆயினும் வாங்கிய நாள்தொட்டு அவ்வளையத்தைத் தொடாதவர்களே அநேகர். தீவகத்தின் உப்புக் காற்றில் அது துருவேறி இறுகி, பின்னர் திருப்பவே முடியாமற் போய்விடுகின்றது.

வீதியோர கராச் ஒன்றின் முன்னே நின்றால் இத்தகைய உரையாடலைக் கேட்கலாம்:

“தம்பி, பின்னாலை ஆரை ஏத்தப்போறீர்?”

“அம்மாவை, அண்ணை. பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுபோகவேணும். முதுகு நோவெண்டு சொல்லுறா.”

“அப்ப ஏன் முதற்படியிலை விட்டு வைச்சிருக்கிறீர்? ரெண்டு படி ஏத்திவிடுறன். திரும்பிவந்து தனிய ஓடேக்கை பழையபடி இறக்கிப்போடும்.”

அந்த மெக்கானிக்கின் சொல்லில் ஒரு சாத்திரமே அடங்கியிருக்கின்றது. பின்னே அமர்பவர் ஏறத்தாழப் பின்சக்கரத்தின் அச்சுக்கு மேலேயே அமர்கின்றார். ஆதலின் அவருடைய பாரம் முழுவதற்குங் கிட்டிய பங்கு பின்சக்கரத்தின் மீதே விழுகின்றது. வண்டிற்காரன் மொழியில் இது பின்பாரம். வில் அப்பாரத்தாலேயே முக்காற் பங்கு அமிழ்ந்துவிட்டால், அடுத்து வரும் பள்ளத்துக்கு அமிழ இடமேது? அந்நிலையில் அதிர்வு வில்லைத் தாண்டி, பின்னே இருக்கும் தாயாரின் முள்ளந்தண்டிலே போய் மோதுகின்றது. மறுபுறத்தில், இருவருக்கென ஏற்றிய படியிலேயே மெலிந்த ஒருவன் தனியே ஓடினால், சிறு கல்லில் ஏறினாலும் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரத்திற்குப் பிரேக்கும் சரிவரப் பிடிக்காது.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே களைதல் வேண்டும். படியை உயர்த்தினால் வில்லே கடினமாகிவிடுகின்றது என்று பலர் கருதுவர். அவ்வாறன்று. வில்லின் இயல்பு மாறுவதில்லை. அது அமரும் உயரமே மாறுகின்றது. கடைசிப் படியில் வைத்தும் வண்டி அளவுக்கு மீறித் தாழ்ந்தே நிற்குமாயின், பாரத்தைக் குறைக்க வேண்டும். அல்லது அப்பாரத்துக்கேற்ற வேறு வில்லைப் போடவேண்டும். வேறு வழியில்லை.

பனியில் அடைபட்ட ஒரு தந்தை

வண்டியின் வில், நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்ட காரியம் என்பதை உலகுக்கு உணர்த்திய வரலாறு ஒன்று கனடாவில் உண்டு. தீவகத்தார் பலர் குடியேறி வாழும் நாடாதலின், அதனை இங்கே சொல்லுதல் பொருந்தும்.

கியூபெக் மாகாணத்து வால்கூர் என்னும் சிற்றூரில் 1907இல் பிறந்தவர் ஜோசப் அர்மான் பொம்பாடியே. பதினைந்து வயதிலேயே, அதாவது 1922இல், பழைய போர்ட் காரொன்றின் எஞ்சினையும் ஆகாய விமானத்துக்குரியது போன்ற சுழலியையும் பூட்டிப் பனியில் ஓடும் வண்டியொன்றைச் செய்தார். வாலிப வயதிலே சொந்தமாகக் கராச் ஒன்றும் திறந்தார். அக்காலத்தில் அவ்வூர்ப் பாதைகள் மாரியிலே வெண்பனியால் மூடுண்டு கிடக்கும். மாதக் கணக்கில் குதிரைச் சறுக்குவண்டியன்றி வேறு வாகனம் ஓடாது. 1934ஆம் ஆண்டு மாரியில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்றழற்சியால் நோயுற்றான். வைத்தியசாலைக்கு வழி பனியால் அடைபட்டிருந்தது. தந்தையின் பட்டறையிலோ, பனி வண்டி முற்றுப்பெறாது துண்டுதுண்டாகக் கிடந்தது. குழந்தை இறந்துபோயிற்று.

அத்துயரின் பின் அவர் மேற்கொண்ட உழைப்பின் பயனாக, பற்சக்கரத்தால் இயங்கும் றப்பர்ப் பட்டிக்கு 1937இல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் செல்லத்தக்க ‘பி-7’ என்னும் அவருடைய பனி மோட்டார் வண்டி வைத்தியர்களையும், தபாலையும், நோயாளரையும் சுமந்தது. 1948இல் கியூபெக் அரசு கிராமப் பாதைகளின் பனியை அகற்ற முற்பட்டதும் பெரிய வண்டிகளுக்கு வேண்டுதல் குறைந்தது. 1959இல் ஒருவரோ இருவரோ ஏறத்தக்க ‘ஸ்கீ-டூ’ என்னும் சிறுவண்டியை வெளியிட்டார். இன்று ‘ஸ்னோமொபைல்’ என்று உலகம் வழங்கும் வண்டிக்கு வழிகாட்டி அதுவே. 1964இல் பொம்பாடியே காலமானார். அவர் பெயரால் வால்கூரில் அரும்பொருட்சாலையொன்று இருக்கின்றது.

வெண்பனியிலும் அதே தராசு

ஸ்னோமொபைலுக்குச் சக்கரமில்லை. முன்னே திசைதிருப்ப இரண்டு சறுக்குத் தகடுகள். பின்னே உந்தித்தள்ள அகன்ற றப்பர்ப் பட்டி. அப்பட்டியின் உள்ளே தண்டவாளம் போன்ற இரு சட்டங்களும், அவற்றைத் தாங்க விற்களும் உள்ளன. இன்றைய வண்டிகளிற் பலவற்றின் பின்பகுதி 250 மில்லிமீற்றருக்கு மேலும் அமிழ்ந்தெழ வல்லது. அவ்வளவு நீண்ட அசைவுள்ளதாலேயே, ஓட்டுபவரின் நிறைக்கேற்ப வில்லைச் சரிசெய்தல் அங்கே இன்றியமையாததாகின்றது.

அதன் முறை எளியது. முதலில் வண்டியின் பின்புறத்தைத் தூக்கி, விற்கள் முற்றாக நீண்ட நிலையில் தரைக்கும் பின்சட்டத்துக்கும் இடைப்பட்ட உயரத்தை அளப்பார்கள். பின்னர் ஓட்டுபவர் தடித்த மேலங்கி, சப்பாத்து, தலைக்கவசம் முதலிய அனைத்தையும் அணிந்துகொண்டே ஏறியமர்வார். குளிருடையின் நிறையும் நிறைதானே. இரண்டு மூன்று முறை அமுக்கி எழுந்தபின் மறுபடியும் அளப்பார்கள். இரண்டளவுக்கும் உள்ள வேறுபாட்டை அமிழ்வு என்போம். வண்டி அசையத்தக்க மொத்தத் தூரத்தில் இவ்வமிழ்வு காற்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை இருத்தல் பொதுவான அளவு. கூடினால் வில்லை முன்னமுக்கும் முளையை உயர்த்துவார்கள்; குறைந்தால் தாழ்த்துவார்கள்.

இது நிறைக்கு. நிலத்துக்கு வேறொன்று உண்டு. பட்டியின் உட்சட்டத்து முற்பகுதியை ஒரு வார் கட்டுப்படுத்துகின்றது. அவ்வாரைக் குறுக்கினால் சட்டத்தின் முன்பகுதி மேலிழுக்கப்பட்டு, பாரம் முன்னேயுள்ள சறுக்குத் தகடுகளின் மீது சாயும். இறுகிச் செப்பனிட்ட பனிப்பாதையில், வளைவுகளில் வழுக்காது திரும்புவதற்கு இது வேண்டும். வாரை நீட்டினால் தகடுகளின் மீதுள்ள பாரம் குறைந்து, பட்டியின் மீது பாரம் கூடும். ஆழ்ந்த தூள்பனியில் வண்டியின் மூக்குப் புதையாமல் மிதந்து செல்வதற்கு இது வேண்டும். ஒன்றைப் பெற்றால் மற்றொன்றை ஓரளவு இழக்கத்தான் வேண்டும்.

வாசகர்களே, இது யாருடைய பேச்சு? முன்பாரம், பின்பாரம் என்று நாரந்தனை வண்டிற்காரன் கையால் தூக்கிப் பார்த்து உணர்ந்ததையே, கனடாவின் வெண்பனியில் ஒரு வாரும் ஒரு முளையுங் கொண்டு செய்கின்றார்கள்!

மணலும் தாம்போதியும்

தூள்பனி எம்மிடமில்லை, மணல் இருக்கின்றது. மண்கும்பான், சாட்டிப் பகுதிகளில் மணலுக்குள் இறங்கும் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் சட்டென்று புதைந்து, கைபிடியை ஒருபுறமாகத் திருப்பிவிடும். அனுபவசாலி அங்கே உடலைச் சற்றுப் பின்னே கொண்டுசென்று, முன்பாரத்தைக் குறைத்து, வேகத்தைத் திடீரெனக் குறைக்காமல் நிதானமாகச் செல்வான். முன் பிரேக்கை இறுகப் பிடிக்கவே மாட்டான். பண்ணைத் தாம்போதியிலோ காரியம் மறுதலை. பக்கவாட்டிலோ எதிரிலோ காற்றடிக்கையில் முன்சக்கரம் தரையை உறுதியாகப் பற்றவேண்டும். பின்னே அளவுமீறிச் சுமையேற்றி முன்புறத்தை இலேசாக்கியவன் அங்கே தள்ளாடுவான்.

கல்நிறைந்த ஒழுங்கைகளில் வில்லுக்கும் ரயருக்கும் எல்லையுண்டு. மிச்சத்தை வேகத்தைக் குறைத்தே சரிக்கட்ட வேண்டும். மணலுக்காக ரயரின் காற்றைத் தளர்த்தினால், பெருவீதிக்கு ஏறுமுன் மீண்டும் உரிய அளவுக்கு அடித்துக்கொள்ளுதல் அவசியம். காற்றுக் குறைந்த ரயர் வேகத்தில் சூடேறிச் சேதமடையும்.

நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் குறிகட்டுவான் துறைக்குப் படகில் வந்திறங்கும் நோயாளருக்கு, படகின் ஆட்டம் முடிந்ததும் வீதியின் குலுக்கல் தொடங்குகின்றது. ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கோ அவர்கள் செல்லும் ஒவ்வொரு கிலோமீற்றரிலும், ஏற்றிச் செல்பவரின் கவனம் அவர்கள் உடம்பிலே தெரியும். எலும்பு முறிவு, நெஞ்சுநோ, பிரசவ வேதனை என்று பெரிய ஆபத்துக் கண்டால் மோட்டார் சைக்கிளை நாடாது, 2018இல் வட மாகாணத்துக்கும் வந்த 1990 இலக்கத்து இலவச அம்புலன்ஸ் சேவையை அழைப்பதே முறை. மாதாந்தக் கிளினிக், பல்வலி, கண்ணாடி மாற்றுதல் முதலியவற்றுக்கு வீட்டு வண்டியே துணை. அத்துணையைச் செம்மையாக்குவது எம் கையிலேயே உள்ளது.

வீட்டிலே செய்யத்தக்கது

வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்துங்கள். பின்சக்கரம் தரையை விட்டெழும்பி, வில் முற்றாக நீண்டிருக்கும். சக்கரத்தின் அச்சிலிருந்து நேர் மேலே, இருக்கையின் கீழ் ஒரு குறியிட்டு, இடைத்தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பின்னர் தாங்கியிலிருந்து இறக்கி, வழக்கமாகச் செல்லும் இருவரும் ஏறியமர, மூன்றாமவர் ஒருவர் மறுபடி அளக்கட்டும். பின்சக்கரம் அசையத்தக்க தூரம் 100 மில்லிமீற்றர் என்று கொண்டால், வேறுபாடு 25 முதல் 33 மில்லிமீற்றர் அளவில் நிற்பது நல்லது. அதிகமாயின் ஒரு படி உயர்த்தி மீண்டும் அளவுங்கள். இருபுறமும் இரு விற்கள் உள்ள வண்டியாயின் இரண்டும் ஒரே படியில் இருத்தல் வேண்டும். ஏறுமாறாக விட்டால் வண்டி ஒருபுறம் முறுகும்.

இருவர் ஏறும்போது பின்புறம் தாழ்வதால் முன்விளக்கின் ஒளி மேல்நோக்கிச் செல்லும். இரவில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி அதையும் சரிபாருங்கள். சங்கிலியின் தளர்வையும் பாரம் ஏறிய நிலையில் ஒருமுறை பார்த்தல் நலம். பின்புறத்தைக் கையால் அமுக்கி விட்டால், அது எழுந்து அமைதியடைய வேண்டும். மேலுங்கீழுமாகப் பலமுறை ஆடினாலோ, குழாயில் எண்ணெய் கசிந்து தூசி படிந்திருந்தாலோ, எத்தனை படி ஏற்றினாலும் பயனில்லை. பழுது எண்ணெய்க் குழாயிலேயே உள்ளது. மாதமொருமுறை நன்னீரால் உப்பைக் கழுவிப் படிவளையத்துக்குச் சிறிது கிறீஸ் பூசினால், தீவகத்துக் காற்றிலும் அது இறுகாது.

ஸ்னோமொபைல்காரர் கைக்கொள்ளும் விதியொன்று எமக்கும் உகந்தது: ஒரு தடவையில் ஒரு மாற்றமே செய்வது, செய்ததை எழுதிவைப்பது. வண்டிப் புத்தகத்தின் கடைசித் தாளில் ‘தனியே: 1ஆம் படி, அம்மாவுடன்: 3ஆம் படி, நெல் மூட்டையுடன்: 5ஆம் படி’ என்று எழுதிவைத்தால், வீட்டிலே யார் வண்டியை எடுத்தாலும் தடுமாற்றமிராது.

நாரந்தனையைத் தாண்டிச் செல்லும் வீதி ஊர்காவற்றுறைக் கடற்கரையில் முடிகின்றது. எதிர்க்கரையிலே காரைநகர், இடையே ‘பாதை’ என்று வழங்கும் மிதவை, மனிதரையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி இறக்குகின்றது. அங்கும் பார்க்கலாம்: வண்டிகளை ஒரே பக்கமாக நெருக்கவிடாது, “அங்காலை தள்ளி நிப்பாட்டுங்கோ” என்று பணியாளர் இடம் பிரித்து விடுவதை. அடுத்த முறை பெரியவர் ஒருவரைப் பின்னே ஏற்றுமுன், வளைந்த அந்த ஸ்பனரைப் பெட்டிக்குள்ளிருந்து எடுங்கள். இரண்டு நிமிட வேலைதான். பெரியாஸ்பத்திரி வாசலில் அவர் முதுகைப் பிடிக்காமல் இறங்கி நடப்பார்.